கைப்பிடியின் மேல்முனை

பட்டறையில் என் லொக்கரின் அடித்தட்டில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கீலம் கிடக்கிறது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், ஒரு விரல் அகலம். வளைத்தால் வளையும், விட்டால் துள்ளி நிமிரும். ஏதோ ஒரு கடையின் மேசை விளிம்புக்கு ஒட்டி மிஞ்சிய துண்டு அது. அதோடு ஒரு பலகை, பலகையில் மேலும் கீழுமாக அடித்த ஐந்து ஆணிகள். லொக்கரைத் திறக்கும்போதெல்லாம் கீலம் கண்ணில் படுகிறது. எறியவும் முடியவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை. வீட்டில் வைத்தால் இது ஏன் என்று மனைவி கேட்பாள். அவளுடைய தமையன் செய்தது என்று சொன்னால் அழுவாள். அழுதுமுடித்த பிறகு வேறு கேள்விகளும் கேட்பாள் என்பதுதான் என் பயம்.

நான் இயல்பிலேயே பயந்தவன். காஸ் அடுப்பை மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் வெளியே இறங்குவேன். ட்ராமில் ஏறிய பிறகு நாலாவது சந்தேகம் வரும். எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்து ஓடியவன், பிறகு பள்ளிக்கூடப் பக்கம் போகவில்லை. இலண்டனுக்கு வந்த புதிதில் ஒரு பாடம் மட்டும் விரைவாகப் படித்துக்கொண்டேன். யார் எதைக் கேட்டாலும் தெரியும் என்று சொல்ல வேண்டும். ஃபோர்க்லிப்ட் ஓட்டத் தெரியுமா? தெரியும். வெல்டிங் தெரியுமா? தெரியும். முதலில் சொல்லிவிட்டு, வேலைக்குள் நுழைந்த பிறகு பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துப் பழகிக்கொள்வது. அந்த நாட்களில் என்னோடு அறையில் இருந்த ஆறு பேரும் அப்படித்தான் வேலை எடுத்தார்கள். தெரியாது என்று சொன்ன ஒருவன் இரண்டு மாதம் அறையிலேயே சமைத்துக்கொண்டிருந்தான்.

தென் இலண்டனில் மிச்சம் என்ற ஊரில், ட்ராம் தண்டவாளத்துக்கு அருகே இருக்கும் இந்தப் பட்டறைக்கு என்னைக் கொண்டுவந்தவர் அந்தத் தமையன், என் மச்சான். படிகளுக்கும் மாடங்களுக்கும் இரும்புக் கைப்பிடி வளைத்துக் கொடுக்கும் இடம் இது. மச்சானுக்கு என்னைவிட ஒரு வயதுதான் கூட. ஊரில் கம்பஸில் எஞ்சினியரிங் இரண்டு வருடம் படித்துவிட்டு, முடிக்க விதியில்லாமல் வந்தவர். குழாய் வளைக்கும் மெசினுக்குக் கட்டளை கொடுக்கும் புரோகிராமை அவர்தான் எழுதினார். நான் இடத்துக்குப் போய் சுவரை அளந்து புள்ளிகள் எடுத்துவருவேன். அவர் அந்தப் புள்ளிகளுக்கூடாக ஒரு வளைவை ஓட்டுவார். மெசின் அதன்படி குழாயை வளைக்கும்.

ஒரு நாள் மத்தியானம் புட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எதற்கு எல்லா வேலைக்கும் முனையின் சரிவைக் கேட்டு உயிரை வாங்குகிறாய் என்று நான் எரிந்து விழுந்தபோதுதான் அவர் அந்தக் கீலத்தை எடுத்தார். ஆணிகளுக்கிடையே அதை நெளித்துச் செருகினார்.

“கீலம் ஒரு சோம்பேறி, மச்சான். எல்லா ஆணியையும் தொடத்தான் வேணும், ஆனால் ஆகக்குறைஞ்ச வளைவிலை தொடப் பாக்கும். உன்னை மாதிரி. இதைத்தான் கியூபிக் ஸ்பிளைன் எண்டுறது. என்ர புரோகிராம் உந்தக் கீலம் செய்யிற வேலையைக் கணக்கிலை செய்யுது, அவ்வளவுதான்.”

பிறகு புட்டுப் பெட்டியின் மூடியில் கரண்டிக்காம்பால் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒன்பது புள்ளி என்றால் எட்டுத் துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் நாலு இலக்கம் கண்டுபிடிக்க வேண்டும், மொத்தம் முப்பத்திரண்டு. துண்டுகள் புள்ளிகளைத் தொட வேண்டும். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும், வளைவின் இறுக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்வளவையும் எழுதினால் முப்பது நிபந்தனை வரும்.

“மற்ற ரெண்டும்?” என்றேன்.

“அதுதான் கதை. இருபது புள்ளி எடு, இருநூறு எடு, எப்பவும் ரெண்டு குறையும். புள்ளியளுக்குள்ளை தேடிப் பிரயோசனமில்லை. இந்த முனைக்கு ஒண்டு, அந்த முனைக்கு ஒண்டு, நீதான் வெளியிலை இருந்து கொண்டு வரவேணும்.”

கீலத்தின் ஒரு முனையைச் சும்மா விட்டார். அது கடைசி ஆணியைக் கடந்து நேராக நீட்டிக்கொண்டு நின்றது. இது நேச்சுரல், முனையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒத்துக்கொள்வது என்றார். மற்ற முனையை இரண்டு விரலால் பிடித்து ஒரு பக்கம் திருகினார். இது கிளாம்ப், முனை இந்தத் திசையில்தான் போகிறது என்று அடித்துச் சொல்வது. திருகியபோது கடைசி இரண்டு ஆணிகளுக்கிடையே கீலம் ஒரு பக்கம் உப்பியது. அதற்கு முந்திய ஆணிகளுக்கிடையே எதிர்ப்பக்கம் கொஞ்சமாக உப்பியது. ஆனால் ஒரு ஆணியையும் விட்டு அது விலகவில்லை.

“சரியான திசை தெரிஞ்சு பிடிச்சால் இதைப்போலை வடிவான வேலை இல்லை. தெரியாட்டி விட்டிடவேணும். விட்டால் சின்னப் பிழை வரும். தெரியாமல் தெரியும் எண்டு பிடிச்சியோ, அவ்வளவுதான்.”

அதன் பிறகு அளவுத்தாளில் இரண்டு பெட்டிகள் சேர்த்தார். முனை தெரியும், முனை தெரியாது. தெரியாது என்று அடையாளமிட்டால் அவரே பட்டறை வானை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவருவார், ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டார். அந்தப் போதல் எனக்கு ஒரு பரீட்சையில் தவறியதுபோல இருக்கும். எட்டாம் வகுப்புக்காரன் என்பதை அவர் வானின் திறப்புக் கொத்தை எடுக்கும் சத்தம் எனக்கு நினைவூட்டும். அவர் அப்படி நினைத்ததே இல்லை, இப்போது அது தெரிகிறது.

மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை நடக்கும் ஒரு கத்தோலிக்கக் கோயிலின் மண்டபத்துக்குக் கைப்பிடி வேண்டுமென்று வேலை வந்தது. பழைய கட்டடம். மேல்மாடிக்குப் போகும் படி, வளைந்த சுவரோடு ஒட்டி ஏறியது. கதவைத் திறந்துவிட்டவர் ஒரு மன்னார் ரீச்சர். ஊரில் படிப்பித்து ஓய்வுபெற்றவர், இங்கே பூசைகளில் ஓர்கன் வாசிப்பவர், பீடத்துக்குப் பூ வைப்பவரும் அவர்தான். எனக்கு ஒரு தேத்தண்ணி தந்துவிட்டு, கீழே பூச்சாடிகளைக் கழுவப் போனார்.

நான் ஒன்பது புள்ளிகள் எடுத்தேன். எட்டு சுகமாக வந்தன. ஒன்பதாவது, படி முடிந்து மேல்தளம் தொடங்கும் இடம். அதற்கு அப்பால் சுவரை மறைத்துக்கொண்டு, வெள்ளைத் துணி போர்த்திய மாதா சுருவம் நின்றது, திருநாளுக்குத் தூக்கும் மரப்பீடத்தோடு. சுவர் அந்த இடத்தில் நேராகப் போகிறதா, திரும்புகிறதா என்று பார்க்க வேண்டுமானால் பீடத்தை ஒரு முழம் நகர்த்த வேண்டும்.

நகர்த்தியிருக்கலாம். பாரமானதல்ல, அடியில் சில்லுகூட இருந்தது. ஆனால் வழியில் பஸ் தரிப்பில் நின்று இரண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டிருந்தேன். காலில் பட்டறைச் சப்பாத்து. நான் சைவசமயத்தவன். மச்சம் தின்ற கையோடு, சப்பாத்துக் காலோடு, தெய்வச் சிலையைத் தொடுவதா? எங்கள் கோயிலில் அப்படி ஒருவன் செய்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். துணியின் ஓரத்தை விலக்கிப் பார்க்கக்கூடக் கை போகவில்லை. மூத்த மகளுக்கு அப்போது காய்ச்சல், எனக்கு விசா முடிவு வரவில்லை, இந்த நேரத்தில் யாருடைய தெய்வத்தோடும் பகைக்கக் கூடாது என்று மனம் கணக்குப் போட்டது.

கீழேயிருந்து ரீச்சர் குரல் கொடுத்தார். “தம்பி, அங்கை ஏதும் தள்ளி அரக்க வேணுமே? நான் வரட்டே?”

“வேண்டாம் ரீச்சர். எல்லாம் தெரியுது.”

அந்தச் சொல்லை நான் எத்தனை தரம் திருப்பிக் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பஸ்ஸில் கேட்கும், பல் விளக்கும்போது கேட்கும். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. கீழ்த்தளத்தில் படிக்கு அப்பால் சுவர் நேராகத்தானே போகிறது, மேலேயும் நேராகத்தான் போகும் என்று நினைத்தேன். அளவுத்தாளில் முனை தெரியும் என்ற பெட்டியில் அடையாளமிட்டு, நேர் என்று எழுதினேன்.

பட்டறையில் மச்சான் தாளைப் பார்த்தார். “மேல்முனை பாத்தனிதானே?”

“ஓம் மச்சான்.”

அவ்வளவுதான். அவர் கிளாம்ப் போட்டார்.

கைப்பிடியைப் பூட்டுகிற நாளில், கோயில் ஆட்கள் சுருவத்தைத் தூக்கி மண்டபத்துக்குள் வைத்துவிட்டிருந்தார்கள். மேல்தளத்தில் நின்று சுவரைப் பார்த்தேன். சுவர் நேராகப் போகவில்லை. வட்டமாகத் திரும்பி, அப்பால் ஒரு சின்ன அறைக்குள் போனது. ஆனால் ஒன்பது தாங்கிகளும் ஒன்பது துளைகளில் பொய் சொல்லாமல் இறங்கின. பட்டறை முதலாளி ஒவ்வொரு தாங்கியிலும் அளவுநாடா பிடித்துச் சுவருக்கும் குழாய்க்கும் இடைவெளி பார்த்தார். ஐம்பது மில்லிமீட்டர், ஐம்பது, ஐம்பது. பிழை புள்ளிகளில் இருக்காது, புள்ளிகளுக்கிடையில் இருக்கும் என்று கீலத்தை வைத்து எனக்குக் காட்டியவர் அன்று வேறு வேலைக்குப் போயிருந்தார். எட்டாவது தாங்கிக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் நான் கையை வைத்துப் பார்த்தேன். மற்ற இடங்களில் மூன்று விரல் போனது, அங்கே இரண்டுதான். சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு, குளிர் தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு, ரீச்சர் இடது கையில் பூச்சாடியோடு மேலேயிருந்து இறங்கினார். வலது கையில் தடித்த கம்பளிக் கையுறை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்த கை, அந்த ஒடுங்கிய இடத்தில் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே இறுகிக்கொண்டது. காலை முன்னுக்கு வைத்துவிட்டார், கை பின்னுக்கு நின்றுவிட்டது. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. எலும்பு பொருந்திய பிறகும் விரல்கள் முன்போல விரியவில்லை. அதன் பிறகு அவர் ஓர்கன் வாசிக்கவில்லை.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, முனையை யார் தீர்மானித்தது என்று கேட்டார். அளவுத்தாள் மச்சானின் கையில் இருந்தது. என் கையெழுத்து, என் அடையாளம். அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்துக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

“முனையை நான்தான் போட்டனான்.”

வெளியே வந்து ட்ராம் தரிப்பில் நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். “வாயைப் பொத்து,” என்றார். “உனக்கு விசாப் பேப்பர் ஓடிக்கொண்டிருக்கு. வேலைக் கடிதம் இல்லாட்டி என்ன செய்வாய்? என்ர தங்கச்சியையும் பிள்ளையையும் கொண்டு எங்கை போவாய்? எனக்குச் சிற்றிசன் கிடைச்சிட்டுது, நான் எங்கையும் பிழைப்பன்.” பிறகு, ட்ராம் வருகிற திசையைப் பார்த்தபடி, “ஆனால் ஏன்ரா, தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே? நான் போய்ப் பாத்திருப்பன்தானே?” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கைப்பிடியைக் கழற்றி, சரியான முனையோடு வேறொன்று வளைத்துப் பூட்டிக் கொடுத்துவிட்டு மச்சான் வேலையை விட்டார். பார்சல் வான் ஓட்டப் போனார். புரோகிராம் பட்டறையில் இருந்தது, நானும் இருந்தேன். என் பேப்பர் அடுத்த வருடம் கிடைத்தது. இனிச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு இரண்டாவது பிள்ளை பிறக்கட்டும் என்று நினைத்தேன். பயந்தவனுக்குத் தள்ளிப்போடக் காரணம் தேடித் திரிய வேண்டியதில்லை, அவை தாமாகவே வந்து வரிசையில் நிற்கும்.

ஒவ்வொரு நத்தாருக்கும், அதாவது கிறிஸ்மசுக்கு, மச்சான் ஒரு கேக் வாங்கிக்கொண்டு ரீச்சரைப் பார்க்கப் போவார். ரீச்சர் மகளோடு வால்தம்ஸ்டோவுக்கு மாறிப் போன பிறகும் போனார். சில வருடங்களில் நான்தான் கார் ஓட்டினேன். அவர் இறங்கிப் போவார், நான் பார்க்கிங் கிடைக்கவில்லை என்ற சாட்டில் காருக்குள்ளேயே இருப்பேன். முதல் இரண்டு வருடமும் கதவு ஒரு சாண் திறந்து, கேக்கை வாங்கிக்கொண்டு மூடியது. ஒருமுறை மழை. மச்சான் நனைந்த தலையோடு வந்து ஏறினார். “என்னவாம்?” என்றேன். “நல்ல சுகமாம்,” என்றார். மூன்றாம் வருடம் உள்ளே போனார். நான் அரை மணித்தியாலம் ஹீட்டரை மூட்டுவதும் அணைப்பதுமாக இருந்தேன்.

போன மார்கழிக்கு முந்திய மாதம், வானுக்குள் பார்சல் அடுக்கிக்கொண்டிருந்தபோது மச்சானுக்கு நெஞ்சு நொந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் முடிந்துவிட்டது. செத்தவீட்டுக்கு ரீச்சர் வந்தார், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு. பெட்டியருகே சிலுவை போட்டுக் கும்பிட்டார். பிறகு என்னிடம் வந்து, அந்த விரியாத கையால் என் கையைப் பிடித்தார்.

“நல்ல மனுசன். ஒரு பிழை விட்டதுக்கு ஒரு நத்தார் தவறாமல் வந்து நிண்டவர். நான் எப்பவோ மன்னிச்சிட்டன். அது அவருக்குத் தெரியும், தெரிஞ்சுதான் போயிருக்கிறார்.”

நான் தலையாட்டினேன். எனக்கு வரவேண்டிய மன்னிப்பு ஆள் மாறிப் போய், பெட்டிக்குள் கிடக்கிறவரிடம் சேர்ந்துவிட்டது. அவர் அதை எனக்குத் திருப்பித் தரவும் முடியாது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை ஒழுங்காக இல்லை. அடுப்பை மூன்று தரமல்ல, ஏழு தரம் பார்க்கத் தொடங்கினேன்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை, பகல், ட்ராமும் ரெயிலுமாக வால்தம்ஸ்டோவுக்குப் போனேன். இரண்டு தரம் இறங்கித் திரும்பிவிடப் பார்த்தேன். கேக் வாங்கவில்லை, அது மச்சானுடைய வழக்கம். மரக்கறிச் சாப்பாடுதான் சாப்பிட்டிருந்தேன், எதற்கென்று தெரியாது. ரீச்சர் தனியே இருந்தார். உட்காருமுன் சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும். சுருவம், ரோல்ஸ், சப்பாத்து, பெட்டியில் இட்ட அடையாளம், இரண்டு விரல் போன இடம், கைதட்டியது, எல்லாவற்றையும் நின்றபடி சொன்னேன்.

ரீச்சர் அந்த விரியாத கையை மடியில் எடுத்து வைத்தார். பிறகு, “நான் கீழையிருந்து கேட்டனான்தானே,” என்றார்.

“ஓம் ரீச்சர்.”

“மட்டன் ரோல்சுக்கெல்லாம் மாதா கோவிக்கமாட்டா, தம்பி. எங்கடை ஆக்கள் திருநாளுக்குப் பன்றி இறைச்சி திண்டுபோட்டுத்தான் தூக்கிறவை.” சிரிப்பு வரும் என்று நான் நினைத்தேன். வரவில்லை. குரல் மாறியது. “என்ர கையைப் பற்றி நான் இப்ப யோசிக்கேல்லை. கை போய்க் கன காலம். அந்தாளை முதல் ரெண்டு நத்தாரும் நான் உள்ளுக்கு எடுக்கேல்லை. மழைக்குள்ளை வாசல்லை நிப்பாட்டினனான். உன்னாலைதான் என்ர ஓர்கன் போனது எண்டு முகத்துக்கு நேரை சொன்னனான். ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லேல்லை. இனி நான் ஆரிட்டைப் போய் மன்னிப்புக் கேக்கிறது? நீ உன்ர பாரத்தை இறக்கிப்போட்டுப் போறாய். அது எங்கை இறங்குது எண்டு பாத்தனியே?”

நான் அதைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துப் பயப்படுகிறவன், இந்த ஒன்றை யோசிக்கவில்லை. பதினாலு வருடம் நான் மட்டும்தான் இதைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

வாசல்வரை வந்தார். கதவைப் பிடித்தபடி, “நத்தாருக்கு வா,” என்றார்.

“உள்ளுக்கு எடுப்பீங்களோ ரீச்சர்?”

“தெரியாது,” என்றார். “இப்ப எனக்குத் தெரியாது.” கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை.

பட்டறையில் இப்போது புது மென்பொருள். திரையில் முனை நிபந்தனையைத் தேர்ந்தெடு என்று ஒரு பட்டியல் விரியும். நேச்சுரல், கிளாம்ப், இன்னும் இரண்டு மூன்று. மச்சானின் இரண்டு பெட்டிகள் அதில் இல்லை. அவற்றை நான் என் அளவுத்தாளில் பேனையால் கோடிட்டு வரைந்துகொள்கிறேன். இந்த வருடம் தெரியாது என்ற பெட்டியில் நான் இட்ட அடையாளங்களைப் பார்த்து முதலாளியின் மகன் முகம் சுளிக்கிறான், நான் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டாம் தரம் போகிறேன் என்று.

நேற்று மத்தியானம் லொக்கரைத் திறந்து கீலத்தை எடுத்தேன். சாப்பாட்டு மேசையில் பலகையை வைத்து, ஐந்து ஆணிகளுக்கிடையே நெளித்துச் செருகினேன். ஒரு முனையை விரல்களுக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. விட்டேன். அது இரண்டு தரம் நடுங்கி, தன்பாட்டில் ஓரிடத்தில் நின்றது. நத்தாருக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.